சேங்கொட்டைக் குறி

2025 அக்டோபர் 6, திங்கள்

காலை ஆறே கால். மொட்டைமாடியிலிருந்து பார்த்ததில் துறைமுகத்துக்குள் பதினாறு கப்பல், வெளியே நங்கூரம் போட்டு நிற்பவை ஒன்பது. நேற்று இருந்தவற்றில் இரண்டு கிளம்பிவிட்டன, புதிதாக மூன்று. மூன்றுமே நான் தேடுவது இல்லை.

கீழே வந்தால் தில்லித் தூதரகத்து அதிகாரி அம்மாவின் மின்னஞ்சல். போன மாதம் எண்ணூரில் நான் பார்த்து எழுதிய கப்பல், அவர்கள் தேடும் கப்பல் இல்லையாம். அது வேறு எங்கோ கட்டியது, வேறு யாருக்கோ சொந்தமானது. 'இனி ஆதாரத்தோடு மட்டும் எழுதவும்.' மொத்தம் நான்கு வரி. நன்றாகத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

என் அவசரத்தால் அந்தக் கப்பலை இரண்டு நாள் நிறுத்தி வைத்து விசாரித்திருக்கிறார்கள். அதில் இருந்தவர்களும் யாரோ ஒருத்தியின் தம்பிமார்தானே.

யாராவது இந்த நோட்டைப் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் யசோதரா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. வேலை, ராயபுரத்தில் ஒரு பட்டாணி மண்டிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கும் கௌரவத் துணைத்தூதரகத்தில். மண்டியும் தூதரகமும் ஒரே ஆளுடையது. ராசையா அண்ணாச்சி அந்தச் சின்ன நாட்டிலிருந்து இருபது வருடமாகப் பட்டாணி வரவழைத்தார், அவர்கள் இவரையே சென்னைக்குக் கௌரவத் தூதர் ஆக்கிவிட்டார்கள். வருடத்துக்கு நாலு விசா, ஒரு தேசிய தின விருந்து என்று போய்க்கொண்டிருந்த ஆபீஸ். பிறகு போர் வந்தது. நாட்டின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று உத்தரவு. அதனால் இதிலும் எழுதவில்லை.

எதிரி பிடித்த துறைமுகத்தில் அந்த நாட்டுக் கப்பல் ஒன்று மாட்டிக்கொண்டது. பதினெட்டுப் பேரோடு காணாமல் போய்ப் பதினேழு மாதம் ஆகிறது. பெயரை மாற்றி, வண்ணத்தை மாற்றி, பிடித்த ஊரின் தானியத்தை ஏற்றி எங்காவது விற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது தில்லியின் சந்தேகம். துறைமுகத்துக்கு ஒரு ஆளாக என்னைப் போலப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே போகக் கூடாது, உள்ளே படம் எடுக்கக் கூடாது, இந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மீறக் கூடாது. வெளியே நின்று பார்க்கலாம், எழுதலாம்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஃபிட்டர் சித்தார்த். என் தம்பி சித்து.

இது தில்லிக்குத் தெரியாது. தகவல் கேட்டு வாராவாரம் வந்து இந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வாரம் அண்ணாச்சி, "ஏம்மா, சும்மா உக்காந்திருக்கதுக்கு இந்தக் கடுதாசிய டைப் அடிச்சுத் தாயேன்" என்றார். அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன்.

அக்டோபர் 7

பதினைந்து கப்பல். எதுவும் இல்லை. பைனாகுலரில் இடது கண்ணாடி மங்கல். பர்மா பஜார் சரக்கு, வேறு எப்படி இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

விகாரைக்குப் போனோம். இன்று தம்ம தீட்சை நாள். கப்பலுக்குப் போகும்வரை வருடாவருடம் இந்த நாளில் சித்துதான் பஞ்சசீலக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். இந்த வருடமும் அந்தக் கொடியைக் கீழ் வீட்டுக்காரர்தான் பிடித்தார். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டாள்.

"ஏன்மே யசோ, கப்பல் எங்க கீதுன்னு தெரிஞ்சா, அவன் எங்க கீறான்னு தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சிடும்மா."

"அப்ப கப்பல பாரு. என் மூஞ்சிய பாத்துக்கினு நிக்காத."

பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைக்குச் சத்துணவு சமைத்துப் போடுகிறவள். அவளுக்கு எல்லாமே அடுப்பை மூட்டுவது போலத்தான், மூட்டினால் வெந்துவிட வேண்டும். இதே மலர்க்கொடி அம்மா என்னைப் பெற்று, எனக்கு மட்டும் இவ்வளவு சந்தேகத்தை எப்படிக் கொடுத்தாள்?

அக்டோபர் 23, வியாழன்

மூன்று நாளாக எண்ணூருக்கு வெளியே ஒரு பச்சைக் கப்பல். தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லும் கருவியை அணைத்து வைத்திருக்கிறது. கப்பல்களைக் காட்டும் ஃபோன் செயலியில் அந்த இடம் வெறும் கடல். கண்ணுக்குத் தெரிகிறது, செயலிக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு கடலோரக் கருங்கல் மேல் ஏறி நின்றேன். கப்பலில் நாலு கிரேன். மூன்றாவது கிரேனின் ஏணி கோணல். சித்து தன் கப்பலிலிருந்து அனுப்பிய ஃபோட்டோவிலும் மூன்றாவது கிரேனில் ஏணி கோணல்தான்.

ஆனால் போன தடவையும் ஒரு கோணல் ஏணியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். ஆசை இருக்கும் கண்ணுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஏணியும் கோணல்.

தில்லிக்கு எழுதவில்லை. நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 25, சனி

பச்சைக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. ஏற்றி வந்திருப்பது மஞ்சள் பட்டாணி. அண்ணாச்சிக்கே தரகர் ஃபோன் செய்து, மலிவாக வருகிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான்.

"எந்தத் துறைமுகத்துல ஏத்துனான்னு கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கான். களவாண்ட பொருளுக்கு ஊரு பேரு இருக்காது பாத்துக்க" என்றார். பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்டில் அவருக்குப் பட்டாணி விற்ற குடும்பத்திடமிருந்து ஒரு வருடமாகக் கடிதம் இல்லை. அதைப் பற்றி அவர் பேச மாட்டார், நானும் கேட்பதில்லை.

துறைமுகத்தில் ஐந்து நாளில் இறக்கி முடித்துவிடுவார்கள். அப்புறம் கப்பல் போய்விடும்.

அக்டோபர் 27, திங்கள்

பொறுமையாக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்குக் கெங்கம்மாக்காவின் ஃபோன். பழைய வண்ணாரப்பேட்டையில் சலவைக்கடை வைத்திருக்கிறவர். கப்பல்களின் படுக்கைத் துணியை வேன் வைத்து வாங்கிப்போய்த் துவைத்துத் தருவதுதான் தொழில். தேசிய தினத்துக்கு எங்கள் ஆபீஸ் கொடியை அவரிடம்தான் கொடுப்போம். கொடிக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

"இன்னாமே யசோ, தம்பி வந்துகீறான், ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா நீ?"

எழுந்து ஆபீஸ் கதவைச் சாத்தினேன்.

"அவன் கப்பல் துணி வந்துகீதுமே. நம்ம குறி போட்ட துணி. கப்பல் பேரு என்னமோ புச்சா எழுதிக்கீது, ஆனா குறி அதேதான். நாலு வருசம் முன்ன அவன்தான மூட்டையா கட்டி என்கிட்ட கொண்டாந்தான்? சேர்ற அன்னிக்கி? எங்க அவன், பக்கத்துல கீறானா? ஃபோன குடு."

சித்து அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தது சென்னையில்தான். முதல் நாளே துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கெங்கம்மாக்காவிடம் போனது அவன்தான். நான் மறந்தே போனேன். பதினேழு மாதமாகக் கிரேனையும் ஏணியையும் பார்த்துக்கொண்டிருந்தேன், துணியை நினைக்கவே இல்லை!

"அக்கா, துணிய யாருக்கும் குடுக்காத. இதோ வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதே நாள், சாயங்காலம்

பார்த்துவிட்டேன். விரிப்பின் ஓரத்தில், மடிப்புக்கு உள்ளே. இரண்டு புள்ளி, நடுவில் ஒரு குறுக்குக் கோடு, கோட்டின் வாலில் ஒரு சுழி. சேங்கொட்டையைக் குத்தி அதன் பாலில் போட்ட குறி. பேனா மை நாலு துவையலில் போய்விடும், இது துணி கிழிந்து கந்தலானாலும் போகாது. கடையில் மூன்று மிஷின் ஓடுகிறது, குறி மட்டும் கெங்கம்மாக்கா தன் கையால்தான் போடுவார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு குறி. எந்தக் குறி யாருடையது என்று எழுதி வைக்கிற பழக்கமே கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள்.

அந்தப் பச்சைக் கப்பலிலிருந்து வந்தது முப்பத்தெட்டு விரிப்பு. இருபத்திரண்டில் பழைய குறி. மீதி பதினாறு புதிது, அவற்றைப் பழைய விரிப்பு அளவுக்கு வெட்டி ஓரம் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பலில் தண்ணீர் பற்றாக்குறையாம். கேப்டன் கரையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது என்று சொல்லியும், சமையல்காரன் நாற்றம் தாங்காமல் துணியை மட்டும் அனுப்பியிருக்கிறான். கப்பலுக்குப் பெயர் மாற்றினார்கள், பச்சை அடித்தார்கள். விரிப்பின் மடிப்புக்குள் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாது. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தோன்றும்.

சித்து அந்தக் கப்பலில் இல்லை. வேனோடு போன பையன் ஏறிப் பார்த்திருக்கிறான், எல்லாம் வேறு ஆட்கள். பதினேழு மாதமாக அவனைக் காணவில்லை என்று நான் சொன்னதும் கெங்கம்மாக்கா இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு இந்த நிமிடம்வரை எதுவும் தெரியாது. அம்மா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

சண்டை.

"ஒரே ஒரு விரிப்பு குடுக்கா. ஆதாரம் வேணும். இல்லன்னா தில்லியில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"எண்ணி வாங்கினத எண்ணித்தான் குடுப்பேன்."

"துணி முக்கியமா, ஆளு முக்கியமாக்கா?"

"இத்தினி வருசத்துல ஒரு கர்ச்சீப் கொறைஞ்சதில்ல என் கடையில. அதுக்கோசரம்தான் என்னை கப்பல் ஏற உடறான். இன்னிக்கி நான் ஒண்ண உருவி உனுக்கு குட்த்துட்டு, நாளைக்கி வந்து இது அந்த கப்பல் துணிதான்னு சொன்னா எவன்மே நம்புவான்? திருட்டு முண்டன்னு சொல்லுவான். என் வாய்க்கி அப்புறம் இன்னா மரியாதி?"

கத்தினேன். கண்டபடி கத்தினேன். உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கெங்கம்மாக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. என் கைப்பையில் ஒரு தலையணை உறை இருக்கிறது. அவர் திரும்பி நின்ற நேரத்தில் எடுத்தேன். குறி போட்டது. அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. யசோ, இன்னாடி பண்ணிக்கீற நீ? சித்துவுக்காகன்னு சொன்னா எல்லாம் சரியாப் பூடுமா?

அக்டோபர் 29, புதன்

காலை ஏழு மணிக்கே போய் உறையைத் திருப்பி வைத்தேன்.

"நேத்தே எண்ணிட்டேன். ஒண்ணு கொறைஞ்சிது" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. "காலையில வருவேன்னு தெரியும். டீ சொல்லிக்கீறேன், குடி."

குடித்தேன். நேற்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உடுமே, பேஜார்ல சொன்னது" என்றார். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அண்ணாச்சியோடு வக்கீல் அருள்நாதனிடம் போனேன். கடல்வழக்குகள் மட்டும் பார்க்கிறவர். உயர்நீதிமன்றம் நினைத்தால் கப்பலையே கைது செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். எதை வைத்துச் செய்யும் என்பது தெரியாது. அவர் சொன்னார்: சலவைக் குறி மட்டும் இருந்தால் அது கப்பல் யாருடையது என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் கப்பலைப் பரிசோதிக்க ஒரு சர்வேயரை அனுப்பும்படி கேட்க அது போதும். உள்ளே போய்விட்டால் இன்ஜின் நம்பர் இருக்கிறது, அதை யாராலும் பச்சை அடித்து மறைக்க முடியாது.

"சாட்சி யார்? நீங்களா?"

அப்போதுதான் சொல்ல வேண்டி வந்தது. நான் அக்கா. அந்தக் கப்பலில் போன ஆளின் கூடப்பிறந்தவள். ஏற்கெனவே ஒரு கப்பலைத் தவறாகக் காட்டியவள். வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "தில்லிக்குத் தெரியுமா?"

மதியம் நானே தில்லிக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம், இப்போது அந்தச் சலவைக்கார அம்மாள் பேசட்டும், நீ விலகி நில் என்றார் அந்த அம்மா. அண்ணாச்சி என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, தன் உடைந்த ஆங்கிலத்தில், வேலை கொடுத்தவன் நான், கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று உரக்கச் சொன்னார். வைத்ததும், "சரியாத்தானம்மா சொன்னேன்?" என்று கேட்டார். ரொம்பச் சரி அண்ணாச்சி.

விலகி நிற்கிறேன். ஆனால் போக மாட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

நல்ல மழை. பட்டாணி நனையக் கூடாது என்று கப்பலின் மூடிகளை இழுத்துச் சாத்திவிட்டார்கள். "மழை பேஞ்சா ஒரு மூட்ட எறக்க மாட்டான். கர்த்தர் நம்ம பக்கம் இருக்காரு" என்று அண்ணாச்சி ஜன்னலில் கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்.

வக்கீல் கெங்கம்மாக்காவைச் சோதிக்க வந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் தலைக்குள் என்றால் நீதிபதி எப்படி நம்புவார்? கடையில் இருந்த எட்டு கப்பல் துணியில் கைக்கு வந்ததை உருவி, கப்பல் பெயரை மறைத்து, ஒவ்வொன்றாக நீட்டினார். அக்கா மடிப்பைப் பிரித்துப் பார்த்து, கப்பல், எத்தனையாவது தடவை வந்தது, அந்தக் கப்பலில் சமையல்காரன் யார் வரை சொன்னார். பதினோராவதாக வக்கீல் தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நடுவில் செருகிக் கொடுத்தார்.

அக்கா புரட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "இதுல குறியே இல்ல. இது உங்க வூட்டுத் துணி சார். சோப்பு சரியா அலசல, கலீஜா கீது. வெச்சிட்டுப் போங்க, அலசித் தரேன்."

நான் சிரித்தே விட்டேன். எத்தனை மாதமாயிற்று சிரித்து.

பிறகு வக்கீல் தீவிரமாகக் கேட்டார், "ஒரு கப்பல் உடைஞ்சு போச்சு, வராமலே நின்னு போச்சு. அந்தக் குறியை வேற கப்பலுக்குக் கொடுப்பீங்களா?"

"செத்தவங்க பேர பொறக்கற புள்ளைக்கி வெப்பாங்க. செத்த கப்பல் குறிய நான் யாருக்கும் வெக்க மாட்டேன். ரெண்டு கப்பல் துணி கலந்துடிச்சின்னா என் பொழப்பே பூடும்."

துணியைத் திருப்ப வேண்டிய நேரம் இன்று மாலை. கப்பலிலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்துவிட்டது. "மழ சார், காயல" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். காய வைக்கிற மிஷின் பின்னால் சும்மாத்தான் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா? அதுக்கு கரண்ட்டு ஜாஸ்தி புடிக்கும். நான் போடல. பொய்யா சொன்னேன்? காயலதான?"

அக்டோபர் 31, வெள்ளி

நீதிமன்றத்தில் நான் கடைசி வரிசை. வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

கெங்கம்மாக்கா பச்சைப் பட்டுப் புடவையில் வந்தார், கல்யாணத்துக்கு வருவது போல. வாக்குமூலத்தை வக்கீல் வாசித்தார். நீதிபதி கேட்டார்: பழைய துணியை யாரோ விற்றிருக்கலாம், இந்தக் கப்பல்காரர்கள் வாங்கியிருக்கலாம், இல்லையா? அது எனக்குத் தோன்றவே இல்லை.

வக்கீல் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"வாங்கிக்கலாம் சாமி. துணிய வாங்கலாம், கட்டில வாங்க முடியாதே? அந்த கப்பல்ல கட்டிலு மத்த கப்பல விட ரெண்டு சாண் கம்மி. அதுக்கோசரம் நாலு வருசம் முன்ன எல்லா விரிப்பையும் வெட்டி ஓரம் தெச்சது நானு. இப்ப புச்சா வாங்கின பதினாறையும் அதே அளவுக்கு வெட்டிக் குடுன்னு அனுப்பிக்கீறாங்க. கட்டிலு வேறன்னா அளவு எப்டி சாமி அதேவா கீது?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதினார்: மறு உத்தரவு வரை கப்பல் நகரக் கூடாது, சர்வேயர் போய்ப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "இப்ப துணிய திருப்பிக் குடுக்கலாமா, கூடாதா?" குடுக்கலாம், படம் எடுத்தாயிற்று என்றார் வக்கீல். நேராகக் கடைக்குப் போய் மிஷினைப் போட்டுவிட்டார். முப்பத்தெட்டு விரிப்பு, அத்தனை உறையும். ஒன்றுகூடக் குறையவில்லை.

நவம்பர் 1

உத்தரவைக் கப்பலில் ஒட்டிவிட்டார்கள். ஐந்து தடவை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். அங்கேயேதான் நிற்கிறது.

நவம்பர் 5, புதன்

சர்வேயர் பார்த்துவிட்டார். இன்ஜின் நம்பர் அதே. பின்பக்கம் பச்சைக்குக் கீழே, இழைத்து எடுத்த பழைய பெயரின் தழும்பு அப்படியே இருக்கிறதாம்.

அண்ணாச்சி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். அவரை அழவிட்டு நான் மாடிக்குப் போனேன்.

தில்லி அம்மா கூப்பிட்டார். வேலையைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். 'உன் தம்பியின் முழுப்பெயர், பிறந்த தேதி, உடம்பில் ஏதாவது அடையாளம், நிதானமாகச் சொல், எழுதிக்கொள்கிறேன்' என்றார். இடது முழங்கையில் சூடுபட்ட தழும்பு என்று சொன்னேன். எனக்குத் தோசை சுடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வந்து சுட்டுக்கொண்டது.

நவம்பர் 12, புதன்

கப்பலின் சமையல்காரர் ரெஜியை வக்கீல் விசாரித்திருக்கிறார். துணியை அனுப்பியது அவர்தான். ஏழு மாதம் முன்புதான் வேலைக்குச் சேர்ந்தாராம், கப்பலின் கதை தெரியாமலே. பழைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டதற்கு, தான் கப்பல் ஏறிய துறைமுகத்தில் கூலிக்காரன் ஒருவன் சொன்னதைச் சொல்லியிருக்கிறார்: அவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எத்தனை பேரை?

பதினெட்டுப் பேரையும். நடந்துபோய்த்தான் ஏறினார்கள்.

அம்மாவிடம் இந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். 'நடந்துபோய்' என்பதை அவள் மூன்று தடவை சொல்லச் சொன்னாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

செஞ்சிலுவைக்காரர்கள் வழியாக வந்த பட்டியலில் பதினான்காவது பெயர். எதிரி நாட்டு முகாம். அந்த ஊர்ப் பெயரை என்னால் உச்சரிக்க முடியவில்லை. விடுதலை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பேச்சுவார்த்தை நடக்கிறது. நடக்கும் என்கிறார்கள்.

இருக்கான். சித்து இருக்கான்! எங்கயோ ஒரு குளுர்ல உக்காந்துகினு கீறான், ஆனா கீறான்.

டிசம்பர் 15, திங்கள்

ஒரு பார்சல் அனுப்பலாமாம். இரண்டு சட்டை, ஒரு கம்பளி, ஒரு விரிப்பு, காலுறை. கடிதம் கூடாது. படம் கூடாது. துணியில் எந்த மொழியிலும் எழுத்து இருக்கக் கூடாது, இருந்தால் பார்சல் முழுவதையும் தூக்கிப்போட்டு விடுவார்கள்.

நாங்கள்தான் அனுப்பினோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ தர்மம் கொடுத்த துணி என்று நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வான். அம்மா சட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கெங்கம்மாக்காவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சேங்கொட்டைச் சிமிழைத் திறந்தார்.

"உங்க வூட்டுக்குன்னு குறி கெடியாதேமே. புச்சா ஒண்ணு வெக்கட்டா?"

"வேணாக்கா. கப்பல் குறியே போடு."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் குறியை அவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். அதை இந்த உலகத்தில் ஒரே ஒரு கடையில்தான் போடுவார்கள். புத்தம்புதுத் துணியில் அதைப் பார்த்தால், கப்பல் எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது, யார் கண்டுபிடித்தார்கள் எல்லாம் அவனுக்கு விளங்கிவிடும்.

"எழுத்து கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களே?"

"இது எழுத்து இல்லியேக்கா. சலவைக்காரங்க போட்ட குறி."

சட்டைக் காலரில் ஒன்று, கம்பளி ஓரத்தில் ஒன்று, விரிப்பின் மடிப்பில் ஒன்று. இரண்டு புள்ளி, கோடு, சுழி. காலுறையிலும் போட்டுவிட்டார். போதும் என்றாலும் கேட்கவில்லை.

2026 ஜனவரி 19

பதினேழு கப்பல். தில்லியிலிருந்து கடிதம், வேலையில் தொடரலாமாம். பைனாகுலரும் புதிதாக அனுப்பியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22

பதினான்கு. மூடுபனி, மீதி தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

பார்சல் போய்ச் சேர்ந்ததற்கான அட்டை இன்று வந்தது. கையகலம்தான். அச்சடித்த வரிகள், ஒரு முத்திரை, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று ஒரு கட்டம். செய்தி எழுத இடமே கிடையாது.

கட்டத்துக்குள் அவன் கையெழுத்து. 'சி'யை மட்டும் பெரிதாகப் போட்டு மற்றதைக் கிறுக்குவானே, அதே கிறுக்கல். அதற்குக் கீழே, யாரும் கண்டுகொள்ளாத அளவுக்குச் சின்னதாக இரண்டு புள்ளி, ஒரு குறுக்குக் கோடு, வாலில் ஒரு சுழி.

கெங்கம்மாக்காவிடம் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுழிய திருப்பிப் போட்டுக்கீறான். வரட்டும், கத்துக் குடுக்கறேன்" என்றார்.

அட்டை இப்போது அம்மாவிடம் இருக்கிறது. திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.